கரையிலேயே காதைப் பழக்குவது எப்படி? மூச்சடக்கி முங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஃப்ரீடைவிங் (மூச்சடக்கி முங்குவது) பழக ஆசைப்படுகிறவர்களில் மூச்சு போதாமல் திரும்பி வருகிறவர்கள் குறைவு. காது வலித்து, இரண்டாவது மீட்டரிலேயே திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. காதில் ஏற்கனவே கோளாறு இருப்பவர்கள் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

நம் கடலில் ஆழமே இல்லையே, இதையெல்லாம் எதற்குப் பழக வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வடகடலான பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது. தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், தீவுகளை ஒட்டிய பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்) பலவும் இரண்டு மூன்று பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்திலேயே கிடக்கின்றன. ஆழம் குறைவாக இருந்தால் காதுக்கும் வேலை குறைவு என்று நினைப்பது இயல்பு. கணக்கோ நேர்மாறாக இருக்கிறது.

கடல் மட்டத்தில் நம் மேல் இருக்கும் காற்றழுத்தம் 1 வளிமண்டலம். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டலம் கூடுகிறது. மேலிருந்து 3 மீட்டர் இறங்கினால் நடுச்செவியில் இருக்கும் காற்று ஏறத்தாழ கால் பங்கு சுருங்கப் பார்க்கும். அதே 3 மீட்டரை 20-லிருந்து 23-க்கு இறங்கினால் சுருக்கம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, காதுக்கு மிகக் கடினமான இடம் மேலே இருக்கும் சில மீட்டர்கள்தான், நம் ஆட்கள் நாள் முழுக்க ஏறி இறங்குவதும் அங்கேதான். ஆழம் போகிறவர் ஒரு முங்கலில் ஒரு முறை கடக்கும் இடத்தை, மரிக்கொழுந்துப் பாசி என்னும் கடற்பாசி எடுக்கும் ஒரு பெண் காலையிலிருந்து எத்தனையோ முறை கடக்கிறார்.

காதுக்குள் என்னதான் நடக்கிறது?

செவிப்பறைக்கு உள்பக்கம் காற்று நிறைந்த சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதுதான் நடுச்செவி. அதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழல் போகிறது. பள்ளிப் பாடத்தில் யூஸ்டேஷியன் குழல் என்று படித்திருப்பீர்கள். பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். சாதாரணமாக அது மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடி திறந்து மூடும். காதுக்குள் 'டிக்' என்று கேட்பது அந்தச் சத்தம்தான்.

முங்கும்போது வெளியில் தண்ணீர் செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது. குழல் வழியாகக் கொஞ்சம் காற்றை உள்ளே அனுப்பினால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். இதைத்தான் ஈக்வலைஸ் செய்வது என்கிறார்கள். நேரத்துக்குக் காற்று போகாவிட்டால், ஒன்றேகால் மீட்டர் அளவு வித்தியாசத்திலேயே குழலின் வாய் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு முக்கினாலும் திறக்காது. மேலே வந்தால்தான் விடும். வலி வந்த பிறகு சமன் செய்யலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஏன் நடக்கவே மாட்டேன் என்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் போதாதா?

அந்த முறைக்கு வால்சால்வா என்று பெயர். இத்தாலிய உடற்கூறியல் அறிஞர் அந்தோனியோ மரியா வால்சால்வா 1704-இல் இதை எழுதி வைத்தார். அவருக்கு முங்குவதோடு சம்பந்தமில்லை. நடுச்செவியில் சேர்ந்த சீழை வெளியேற்றத்தான் அவர் இதைச் சொன்னார்.

பஸ்ஸிலும் விமானத்திலும் இது போதும். காலைக் கீழே விட்டு மெதுவாக இறங்குகிறவர்களுக்கும் ஓரளவு வேலை செய்யும். தலைகீழாக முங்கும்போதுதான் காலை வாருகிறது. காரணம், இந்த முறை நெஞ்சிலிருந்தும் வயிற்றிலிருந்தும் காற்றைத் தள்ளுகிறது. தலை கீழே இருந்தால் நுரையீரல் காற்றைத் தொண்டை வரை கொண்டுவருவதே பாடு. ஆழம் கூடக் கூட நெஞ்சுக்கூட்டுக் காற்றும் சுருங்குகிறது. அப்போது ஆள் இன்னும் பலமாக முக்குகிறார். குழல் ஒட்டிக்கிடக்கும் நேரத்தில் இப்படி முக்கினால் அந்த அழுத்தம் உட்செவிக்குத் தாவி, அங்கிருக்கும் மெல்லிய சவ்வு கிழியலாம். கேட்கும் திறன் போய், காதில் இரைச்சல் தங்கிவிடும் ஆபத்து உண்டு. செவிப்பறைக் கிழிசல் பெரும்பாலும் தானே ஆறும். உட்செவி அப்படி இல்லை.

"எனக்குக் காது சரியில்லை" என்று சொல்கிறவர்களில் நான் பார்த்த பலருக்கும் காது நன்றாகத்தான் இருக்கிறது. நெஞ்சால் ஊதுகிற பழக்கம்தான் இடைஞ்சல்.

அப்படியானால் எந்த முறையைப் பழக வேண்டும்?

ஃப்ரென்சல். ஹெர்மன் ஃப்ரென்சல் என்ற ஜெர்மானியக் காது மருத்துவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செங்குத்தாகக் கீழே பாயும் குண்டுவீச்சு விமானிகளுக்காகச் சொல்லிக்கொடுத்த முறை இது. கையில் விமானக் கட்டுப்பாடு, தலை கீழ்நோக்கி, நொடிக்கு நொடி கூடும் அழுத்தம். முங்குகிறவரின் நிலையும் கிட்டத்தட்ட அதேதான்.

இதில் நெஞ்சுக்கு வேலையே இல்லை. தொண்டையை மூடி, வாய்க்குள்ளும் தொண்டையின் மேற்பகுதியிலும் இருக்கும் கொஞ்சம் காற்றை நாக்கால் மேலே தள்ளுகிறோம். ஊசி போடும் சிரிஞ்சில் உள்ளே போகும் தண்டு மாதிரி நாக்கு வேலை செய்கிறது. தேவைப்படும் காற்று மிகக் கொஞ்சம், தேவைப்படும் பலமும் கொஞ்சம்தான்.

டாயின்பீ என்று இன்னொரு முறை இருக்கிறது: மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது. கரையில் பயிற்சியின்போது காதில் அதிகமாகப் போன காற்றை வெளியே எடுக்க இது உதவும், முங்குவதற்கு மட்டும் இதை நம்பிப் போக முடியாது. (ஜோசப் டாயின்பீ லண்டனில் பெரிய காது மருத்துவர். காது இரைச்சலுக்கு மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று குளோரோஃபார்மையும் ஹைட்ரோசயனிக் அமில ஆவியையும் மூச்சில் இழுத்து, வால்சால்வா செய்து காதுக்குள் அனுப்பிப் பார்த்தார். 1866-இல் அந்தச் சோதனையிலேயே செத்துப்போனார். காது விஷயத்தில் சொந்த மூளையை அதிகம் நம்ப வேண்டாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் இவர்தான் நினைவுக்கு வருவார்.)

ஃப்ரென்சலைக் கரையில் எப்படிப் பழகுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

மூன்று உறுப்புகளைத் தனித்தனியாக அடையாளம் காண வேண்டும்: குரல்வளை, மென்னண்ணம், நாக்கு. மூன்றையும் ஒரேயடியாகச் செய்யப் பார்ப்பதால்தான் பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சில நாள் கொடுங்கள்.

முதலில் குரல்வளை. வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை விடுங்கள். பாதியில், வாயை மூடாமல், நாக்கை அசைக்காமல் மூச்சை நிறுத்துங்கள். தொண்டையில் கதவு விழுந்தது போலத் தெரியும். கனமான தண்ணீர்க் குடத்தை இடுப்புக்குத் தூக்கும் நொடியில் மூச்சு தானாக நின்றுவிடுமே, அதே பூட்டுதான். மூடுவது, திறப்பது, மூடுவது, திறப்பது. சத்தமில்லாமல் செய்ய வந்துவிட்டால் முதல் படி முடிந்தது.

அடுத்தது மென்னண்ணம். உள்நாக்கு தொங்குகிற அந்த மெத்தென்ற மேல்பகுதி. அது மேலே ஏறினால் மூக்குக்குப் போகும் வழி அடைபடும். கீழே இறங்கினால் வழி திறக்கும். அடைபட்டிருந்தால் நாக்கு எவ்வளவு தள்ளினாலும் காற்று காதுப்பக்கம் போகாது, கன்னம் மட்டும் உப்பும். முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நமக்கு ஒரு வசதி இருக்கிறது. "தேங்காய்" என்று சொல்லிப் பாருங்கள். "தேங்..." என்று இழுத்து அங்கேயே நில்லுங்கள். ஒலி முழுக்க மூக்கு வழியாக வரும். சந்தேகம் இருந்தால் மூக்கைப் பிடியுங்கள், ஒலி நின்றுவிடும். மென்னண்ணம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். "காய்" என்று முடிக்கும்போது அது சட்டென்று மேலே ஏறுகிறது. மாங்காய், தேங்காய், பூசணிக்காய் வரை போக வேண்டாம், முதல் இரண்டே போதும். "ங்" நிலையில் நிற்பதும் அதிலிருந்து ஏறுவதும் எப்படி இருக்கிறது என்று கவனித்துக்கொண்டே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பிறகு ஒலி இல்லாமல், வாயைத் திறந்து வைத்தபடி மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள். அடுத்து, மூக்கைப் பிடிக்காமலே வாயால் மட்டும் விடுங்கள். இந்த மாற்றத்தை நினைத்த நேரத்தில் செய்ய முடிந்தால் மென்னண்ணம் உங்கள் சொல் கேட்கிறது. கண்ணாடி முன்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்நாக்கு ஏறி இறங்குவதும் தெரியும்.

மூன்றாவது நாக்கு. "ந்" என்று சொல்லும் நிலையில் வாயை வையுங்கள். நாக்கு நுனி மேல்பற்களின் பின்னால் ஒட்டியிருக்கும், ஓரங்கள் கடைவாய்ப் பற்களைத் தொடும், பின்நாக்கு தளர்வாக இருக்கும், மென்னண்ணம் இறங்கியிருக்கும். நமக்கு வேண்டிய தொடக்க நிலை இதுதான். நுனியை எடுக்காமல், பின்நாக்கை மட்டும் "ங்" இடத்தை நோக்கி மேலேயும் பின்னேயும் கொண்டுபோங்கள். "ந்"-இலிருந்து "ங்"-க்கு நாக்கு உருளுகிறது. இதுவே தள்ளுதல்.

இனி மூன்றையும் சேருங்கள். கொஞ்சம் மூச்சு எடுத்து, வாயை மூடி, மூக்கைப் பிடியுங்கள். குரல்வளையைப் பூட்டுங்கள். "ந்" நிலை. "ங்" நோக்கித் தள்ளுங்கள். இரண்டு காதிலும் 'டப்' என்று மெல்லிய சத்தமோ, ஒரு நிறைவோ தெரிந்தால் வந்துவிட்டது. விடுங்கள், எச்சில் விழுங்குங்கள், காது பழைய நிலைக்கு வரட்டும். மறுபடி.

சரியாகத்தான் செய்கிறேனா, இல்லை வால்சால்வாதான் செய்துகொண்டிருக்கிறேனா? எப்படித் தெரியும்?

ஒரு கையால் மூக்கைப் பிடியுங்கள், இன்னொரு கையை வயிற்றில் வையுங்கள். தள்ளும் நேரத்தில் வயிறோ நெஞ்சோ இறுகினால் அது வால்சால்வா. ஃப்ரென்சலில் வயிற்றுக்குச் சேதியே தெரியாது. மூக்கைப் பிடித்த விரல்களுக்கு மேலே நாசியின் பக்கங்கள் லேசாக உப்பும், கழுத்தில் தெரியும் தொண்டை மணி மேலே ஏறி இறங்கும்.

இதைவிடக் கறாரான சோதனை ஒன்று உண்டு. மூச்சை வசதியாக முடிந்தவரை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு தொண்டையைப் பூட்டி, வாயில் மிச்சமிருக்கும் காற்றை வைத்துத் தள்ளுங்கள். நெஞ்சில் காற்று இல்லாத நிலையிலும் காது திறந்தால் அது ஃப்ரென்சல்தான். மூச்சை விட்ட நிலையில் ஒன்றும் நடக்கவில்லை, நிறைய இழுத்தால்தான் நடக்கிறது என்றால் நெஞ்சு இன்னும் உதவிக்கொண்டிருக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செய்யலாம்?

ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்வதைவிட இது நல்லது. கரையில் வெளியழுத்தம் கூடுவதில்லை. ஒவ்வொரு தள்ளலும் செவிப்பறையை இயல்பு நிலையிலிருந்து வெளிப்பக்கம் தள்ளுகிறது. முங்கும்போது உள்ளே போன பறை நடுவுக்கு வரும், கரையில் நடுவிலிருந்து வெளியே போகும். அதனால் பலம் கொடுத்துச் செய்யக் காரணமே இல்லை. 'டப்' என்று வந்தவுடன் நிறுத்துங்கள். வலித்தால், காது கனத்தால், தலை சுற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, படகு இஞ்சின் சரிசெய்யும்வரை உட்கார்ந்திருக்கும்போது குரல்வளையையும் மென்னண்ணத்தையும் பழகலாம். மூக்கைப் பிடிக்காத பயிற்சிகள் என்பதால் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். பைக் ஓட்டும்போது மட்டும் எதுவும் வேண்டாம்.

நாக்கு பழகிவிட்டது. அடுத்து என்ன?

தலைகீழாகப் பழகுங்கள். கட்டிலில் மல்லாந்து படுத்து, தலையை ஓரத்திலிருந்து கீழே தொங்கவிட்டுச் செய்யுங்கள். உட்கார்ந்து நன்றாக வந்தது இங்கே பாதியாகிவிடும். தலைப்பக்கம் ரத்தம் இறங்கி மூக்கின் உட்புறம் லேசாக வீங்கும், மென்னண்ணமும் வேறு மாதிரி தொங்கும். அதற்காகவே பழகுகிறோம். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ரத்த அழுத்தமோ கண்ணில் பிரச்சினையோ உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

கழுத்தையும் கவனியுங்கள். முங்குகிறவர்கள் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்கத் தலையைத் தூக்குவார்கள். கழுத்து அப்படி வளைந்தால் தொண்டைப்பகுதி இழுபட்டு, காது திறப்பது கஷ்டமாகும். முகவாய் நெஞ்சுப்பக்கம் லேசாகச் சாய்ந்து, பார்வை நேராக இருக்கட்டும். சங்கு எங்கேயும் ஓடிவிடாது.

மூக்கில் மாட்டி ஊதும் பலூன் வாங்க வேண்டுமா?

வேண்டும் என்றில்லை. நடுச்செவியில் நீர் கோத்த குழந்தைகளுக்காக வந்த ஓட்டோவென்ட் மாதிரிக் கருவிகளை ஃப்ரீடைவர்கள் நாக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். குரல்வளையைப் பூட்டி, நெஞ்சை விட்டுவிட்டு, நாக்காலேயே பலூனை உப்பவைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விடை கிடைப்பதுதான் அதன் லாபம். பிறந்தநாள் பலூனை மூக்கில் வைத்து ஊதாதீர்கள், அதன் ரப்பர் கெட்டி. கையும் வயிறும் வைத்துப் பார்க்கும் சோதனை இலவசம்.

உண்மையான அழுத்த மாற்றத்தைக் கரையில் எங்கேயாவது உணர முடியுமா?

மலையிலிருந்து இறங்கும்போது உணரலாம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ்ஸில் காது அடைப்பது எல்லோருக்கும் தெரியும். கீழே வரவர காற்றழுத்தம் கூடுகிறது. முங்கும்போது நடப்பதும் அதே திசைதான். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அந்த மொத்த இறக்கமும் தண்ணீரில் ஏறத்தாழ 2 மீட்டர் முங்குவதற்குச் சமம். அடுத்த தடவை போகும்போது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, காது அடைக்கத் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு தடவையும் ஃப்ரென்சல் செய்துகொண்டே இறங்குங்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். பஸ் அந்த இரண்டு மீட்டரை மணிக்கணக்கில் கடக்கிறது. கடலில் நீங்கள் அதை இரண்டு மூன்று நொடியில் கடக்கிறீர்கள். மலைப்பாதையில் எச்சில் விழுங்கியே சமாளிக்கிறவருக்குக் கடலில் ஏன் முடியவில்லை என்பது இதில் விளங்கும்.

ஒரு காது திறக்கிறது, இன்னொன்று திறக்கவில்லை.

பலருக்கும் அப்படித்தான். முரண்டு பிடிக்கும் காது மேலே வரும்படி தலையைச் சாய்த்துத் தள்ளிப் பாருங்கள். கீழ்த்தாடையை லேசாக முன்னால் நீட்டிக்கொண்டும் செய்யலாம். பல நாள் பயிற்சிக்குப் பிறகும் ஒரு பக்கம் அசையவே இல்லை என்றால் மூக்குத் தண்டு வளைவு, ஒவ்வாமை, பழைய சீழ் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பக்கத்தில் உள்ள காது மருத்துவரிடமோ ஒரு தடவை காட்டிவிடுங்கள். முங்கப் போகிறேன் என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அழுக்கு எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

சளி பிடித்திருக்கிறது. மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்கலாமா?

கூடாது. மருந்தின் வேகம் நீங்கள் கீழே இருக்கும்போது குறைந்தால், உள்ளே போன காற்று மேலே வரும்போது வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். இறங்கும்போது வலித்தால் திரும்பிவிடலாம். ஏறும்போது வலித்தால் எங்கே போவீர்கள்? மூச்சு முடிந்துகொண்டிருக்கும். சளி இருக்கும் நாளில் மூக்கைப் பிடிக்காத பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம்தான். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும்.

"ஒரு தடவை காது உடைந்துவிட்டால் அப்புறம் வலிக்காது" என்கிறார்களே?

வலிக்காதுதான். ஓட்டை வழியாகத் தண்ணீரே உள்ளே போய்ச் சமன் செய்துவிடும், வலிக்க என்ன இருக்கிறது? நம் கடல் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தாலும் உடம்பைவிடக் குளிர்ச்சிதான். அந்தத் தண்ணீர் நடுச்செவிக்குள் புகுந்தால் தலை கிறுகிறுத்து, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். நீருக்கடியில் அது நடந்தால் ஆள் மேலே வருவது அதிர்ஷ்டம். அதிலிருந்து தப்பித்தாலும் சீழ், பிறகு படிப்படியாகச் செவிட்டுத்தன்மை. நாலு பேர் தைரியமாகச் சொல்வதால் இது வைத்தியம் ஆகிவிடாது.

சங்கு குளித்த பெரியவர்கள் இந்தப் பயிற்சி எதுவும் செய்யவில்லையே?

செய்தார்கள், பெயர் சொல்லிக்கொண்டு செய்யவில்லை. கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளைப் பக்கம் சின்ன வயதிலிருந்து கடலில் கிடந்தவர்களுக்குத் தாடையும் நாக்கும் தானாகப் பழகிவிடுகிறது. கேட்டால் "சும்மா காதை விடுவோம்" என்பார்கள். அதற்கு மேல் விளக்கம் வராது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்குக் கை எப்படிப் போகிறது என்று சொல்ல வராது, அதுபோலத்தான். அந்தப் பழக்கம் கைவராமல் காதைக் கெடுத்துக்கொண்டு தொழிலை விட்டவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வளைகுடா நாடுகளில் முத்துக்குளித்த அரபியர் கொம்பிலும் ஆமையோட்டிலும் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். கைக்கு வேலை மிச்சம் என்பதோடு, மூக்கு மூடியே இருப்பதால் நாக்கால் காற்றைத் தள்ளவும் வசதி. இன்றைக்குப் போட்டிகளில் இறங்கும் ஃப்ரீடைவர்கள் பலரும் மாட்டுவது அதன் பேரன்தான்.

பாசி எடுக்கும் அக்காமார் என்ன செய்யலாம்? அவர்களுக்கு வகுப்புக்கு வர நேரமில்லை.

முழுப் பயிற்சியும் வேண்டாம். தேங்காய்ப் பயிற்சியும் "ந்–ங்" தள்ளலும் இரண்டு வாரம் பழகினால் போதும். அதைவிட முக்கியம் கண்ணாடி. மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடி போட்டு முங்கினால் கண்ணாடிக்குள் இருக்கும் காற்றைச் சமன் செய்ய வழியே இல்லை, கண்ணை உறிஞ்சும். கண் சிவந்து போவது உப்பால் மட்டும் வருவதில்லை. மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க் என்றால் மூக்கால் கொஞ்சம் காற்று விட்டுச் சமன் செய்யலாம், வெளியிலிருந்து மூக்கைப் பிடிக்கவும் முடியும். காதுக்குள் பஞ்சோ அடைப்பானோ வைத்து முங்கவே கூடாது. அடைப்பானுக்கும் பறைக்கும் நடுவில் மாட்டிய காற்றை எந்த வித்தையாலும் சமன் செய்ய முடியாது.

ஒரு நாளில் எத்தனையோ தடவை ஏறி இறங்குவதால், காலையில் சுலபமாகத் திறந்த காது மதியத்துக்குள் வீங்கி மறுக்கும். மறுத்தால் அன்றைக்கு இடுப்பளவுத் தண்ணீரில் கிடைப்பதை எடுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டையாகவும் படுக்கையாகவும் இருக்கும், சுலபமாக அடைக்கும். தேங்காய் விளையாட்டு விளையாடட்டும். மூக்கைப் பிடித்துத் தள்ளுவதெல்லாம் சொன்னால் புரிந்து, வலித்தால் நிறுத்தத் தெரிகிற வயதில்.

எந்த மாதங்களில் கரைப்பயிற்சி, எப்போது கடல்?

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடைக் காலத்தில் வடகடல் கலங்கும். ஒன்று சரியில்லை என்றால் மற்றது பெரும்பாலும் அமைதி என்பது நம் கரையின் அதிர்ஷ்டம். ஆனால் முதல் தடவை இறங்குகிறவருக்குத் தெளிந்த, அலையில்லாத தண்ணீர் வேண்டும். அது கிடைக்காத நாட்களைக் கட்டிலில் தலையைத் தொங்கவிட்டுக் கழியுங்கள்.

பழக இடம் தேடுகிறவர்கள் அரிச்சல்முனையில் இறங்காதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் ஆளை இழுக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. பிரப்பன்வலசைப் பக்கம் போல வடகடலின் ஆழமற்ற, மணல் தரையுள்ள கரைகள் போதும்.

கரையில் நன்றாக வருகிறது. தண்ணீரில் முதல் நாள் எப்படி?

தனியாக இறங்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூச்சடக்கி முங்குகிறவர் மேலே வரும் கடைசி மீட்டர்களிலோ, தலை வெளியே வந்த பிறகோ எந்த அறிகுறியும் இல்லாமல் மயங்கலாம். நாலடித் தண்ணீரிலும் அது ஆளைக் கொல்லும். ஒருவர் முங்கினால் ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மிதவையில் கயிறு கட்டி, அடியில் எடை போட்டு, முதலில் கால் கீழாகக் கயிற்றைப் பிடித்து இறங்குங்கள். தண்ணீருக்கு மேலேயே ஒரு தடவை சமன் செய்துவிட்டு, பிறகு ஒவ்வோர் அரை மீட்டருக்கும் ஒரு தடவை. காது காற்றைக் கேட்பதற்கு முன்பே கொடுங்கள். அழுத்தம் தெரிந்தால் நில்லுங்கள், கை அளவு மேலே ஏறுங்கள், மறுபடி முயலுங்கள். இரண்டு மூன்று முயற்சியில் வரவில்லை என்றால் மேலே வந்துவிடுங்கள். இப்படிச் சுலபமாக வந்த பிறகுதான் தலைகீழாக.

கரையில் நூற்றுக்கு நூறு வந்தவருக்கும் தண்ணீரில் முதல் நாள் சொதப்பும். பயத்தில் தொண்டை இறுகும், மென்னண்ணம் தன்னையறியாமல் மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும். கயிற்றைப் பிடித்தபடி நின்று மனசுக்குள் "தேங்..." என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு அங்கேயே இறங்கிவிடுகிறது.

வாய் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு போகும் மவுத்ஃபில் முறையையும் பழகலாமா?

அது கனடாவின் எரிக் ஃபட்டா பரப்பிய முறை. 30 மீட்டரைத் தாண்டி, நுரையீரலிலிருந்து வாய்க்குக் காற்று எடுக்க முடியாமல் போகும் ஆழத்துக்கானது. நம் பக்கம் அந்த ஆழத்துக்குப் படகில் வெகுதூரம் போக வேண்டும். இப்போதைக்கு விடுங்கள்.

முங்கிவிட்டு வந்த பிறகு காது அடைத்தே இருக்கிறது. எண்ணெய் விடலாமா?

எந்த எண்ணெயும் வேண்டாம், பூண்டு போட்டுக் காய்ச்சியதும் வேண்டாம். பறையில் கிழிசல் இருந்தால் விட்டதெல்லாம் நேராக உள்ளே போகும். வெறும் அடைப்பு மட்டும் என்றால் ஒன்றிரண்டு நாள் முங்காமல், மூக்கைப் பிடித்துத் தள்ளாமல் இருங்கள். பெரும்பாலும் தானே சரியாகும். வலி நிற்கவில்லை, காதிலிருந்து ரத்தமோ நீரோ வருகிறது, மூக்கு சிந்தும்போது காது வழியாகக் காற்று போகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று காது மந்தமானாலோ, இரைச்சலோடு தலைசுற்றலும் சேர்ந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். அது உட்செவி அடிபட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள், வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.